ஒரே பிரதி, 26 பிள்ளைகள்: வீடுகள் பற்றிய படப் புத்தகத்தை வகுப்பில் எப்படிக் கொண்டுபோவது?

செந்தாழை:
வணக்கம். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு இரண்டுக்கும் ஒரே அறை, மொத்தம் 26 பிள்ளைகள். பள்ளி நூலகத்தில் பலவகை வீடுகள் பற்றிய படப் புத்தகம் ஒன்று இருக்கிறது. 20 பக்கம், பக்கத்துக்கு ஒரு வீடு, அடியில் ஒன்றிரண்டு வரி. அசாமின் மூங்கில் கால் வீடு, குஜராத்தின் கட்ச் பகுதியின் வட்ட மண் வீடு, நீலகிரித் தோடர் வீடு, பனிவீடு எல்லாம் உண்டு. பிரதி ஒன்றுதான். வாசிப்பில் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (நன்றாக வாசிக்கும் நிலை) மூன்றிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு எப்படிப் பிரிக்கலாம்? கடைசியில் 'உன் வீட்டை வரை' என்று கொடுத்தால் போதுமா?

படிக்கட்டு:
முதல் நாள் வரிகளைப் படிக்கவே வேண்டாம், டீச்சர். ஒட்டி எடுக்கும் சின்னத் தாளால் வரிகளை மூடிவிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்கள். எழுத்து கண்ணில் பட்டால் மலர் நிலைப் பிள்ளைகள் வாசித்து விடையைச் சொல்லிவிடுவார்கள். அரும்புப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள்.

26 பேரும் ஒன்றாக உட்கார்ந்தால் பின்வரிசைக்கு நிறம்தான் தெரியும், விவரம் தெரியாது. 13 பேராகப் பிரித்து, பிறை வடிவில் இரண்டு வரிசை. மற்ற 13 பேருக்கு அந்த நேரம் எழுத்து வேலை. சன்னல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கக் கூடாது, பக்கம் இருண்டு தெரியும். வழவழப்பான தாளில் டியூப்லைட் பளிச்சிட்டால் புத்தகத்தின் மேல்விளிம்பைப் பிள்ளைகள் பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று வீடு போதும். 'இது என்ன வீடு?' என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வந்து பேச்சு நின்றுவிடும். மூங்கில் கால் வீட்டைக் காட்டி 'ஏணி எதுக்கு வச்சிருக்காங்க?' என்று கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிரம்மபுத்திரா வெள்ளத்துக்காக அசாமின் மிசிங் பழங்குடி மக்கள் வீட்டைத் தூக்கிக் கட்டுகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் பிள்ளைகளே பாதி சொல்லிவிடுவார்கள். தோடர் வீட்டில் வாசலைக் காட்டுங்கள். தவழ்ந்துதான் போக முடியும். குளிரும் காட்டு விலங்கும் உள்ளே வராமல் இருக்க அந்த அளவு. மேசைக்கடியில் ஒருமுறை தவழ்ந்து போகச் சொன்னால் அந்தப் பக்கம் மறக்கவே மறக்காது. மறுநாள் தாளை எடுத்துவிட்டு வரிகளைப் படியுங்கள். பிள்ளைகள் சொன்னதும் புத்தகம் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று அவர்களே சரிபார்ப்பார்கள்.

மணல்வீடு:
'உன் வீட்டை வரை' வேண்டாம் என்பேன். விடுதியில், செங்கல் சூளையில், ஒற்றை அறையில் இருக்கும் பிள்ளைகள் புத்தகத்தில் இருக்கும் ஓட்டு வீட்டையோ மாடி வீட்டையோ பார்த்து அப்படியே வரைந்து தருவார்கள். சொந்த வீட்டை மறைக்கப் பழக்குவதாக அது ஆகிவிடும். 'தூங்குற இடத்துல உனக்குப் பிடிச்ச ஒரு மூலை' என்று கேளுங்கள். எல்லாரிடமும் பதில் இருக்கும்.

'எது நல்ல வீடு?', 'எத்தனை அறை?' என்ற கேள்விகளும் கூடாது. குடிசை என்றால் ஏழை வீடு என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் அதட்டாதீர்கள். கட்ச் வீட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். மண் சுவர், புல் கூரை, வட்டச் சுவர். 2001 பூகம்பத்தில் கான்கிரீட் கட்டடங்கள் பல விழுந்தபோது நன்றாகக் கட்டிய வட்ட வீடுகள் பல தாங்கி நின்றன. மூலை இல்லாததால் அதிர்ச்சி ஒரே இடத்தில் குவிவதில்லை.

ஈர்க்கு:
மூன்றாம் நாளுக்குக் கூரை வேலை. ஐந்தாறு பேருக்கு ஒரு செருப்பு அட்டைப்பெட்டி, பத்து ஈர்க்குச்சி, நூல், 10 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமுமாக நறுக்கிய தென்னங்கீற்று நாற்பது, அடியில் விரிக்கச் செய்தித்தாள். ஈர்க்குகளை விரல் இடைவெளி விட்டுச் சாய்வாகக் கட்டி, கீற்றை வரிசையாகச் செருக வேண்டும். மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் 100 மி.லி. தண்ணீர் தெளித்து, செய்தித்தாளில் எத்தனை ஈரப் புள்ளி என்று எண்ணுங்கள்.

அநேகமாக எல்லாக் குழுவும் உச்சியிலிருந்து கீழே வேய்ந்து வரும். ஒழுகும். ஏனென்றால் கீழ் வரிசை மேல் வரிசையின்மேல் ஏறிக்கொள்கிறது. வழியும் தண்ணீர் நேராகச் சந்துக்குள் போகிறது. நீங்கள் சொல்லாதீர்கள், இரண்டாவது முறை செய்யவிடுங்கள். இறவாணத்தில் (கூரையின் கீழ்விளிம்பில்) தொடங்கி, பாதிக்குப் பாதி மூடுகிற மாதிரி மேலே ஏறி வந்தால் புள்ளிகள் நன்றாகக் குறையும். ஓடு வேய்வதும் இந்த முறைதான். கீற்று காய்ந்திருந்தால் மடியும்போது உடையும், முந்தின நாளே நனைத்து வையுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முடிச்சுப் போடட்டும், சின்னவர்கள் செருகட்டும்.

செந்தாழை:
மிக்க நன்றி. 'பனியில வீடு கட்டினா குளிராதா?' என்று கட்டாயம் கேட்பார்கள். ஆறு வயதுக்கு எப்படிச் சொல்வது?

படிக்கட்டு:
பனிக்குள் நிறையக் காற்று அடைபட்டிருக்கிறது, அது உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது, கம்பளி மாதிரி. இவ்வளவு போதும். வெளியே மைனஸ் 40 டிகிரி இருந்தாலும் உள்ளே உடம்புச் சூட்டாலும் விளக்காலும் பூஜ்யத்தையொட்டி வந்துவிடும் என்பது உங்களுக்காக. இதோடு இன்னொன்றும் சொல்லுங்கள்: பனிவீடு கட்டிய வடதுருவப் பகுதி இனுயிட் மக்கள் இப்போது சாதாரண வீடுகளில்தான் இருக்கிறார்கள், பனிவீடு முன்பும் எல்லா ஊரிலும் இருந்ததில்லை, குளிர்காலத்துக்கும் வேட்டைப் பயணத்துக்கும் கட்டியது. தோடர் பக்கத்திலும் அதே மாதிரி, இன்று பலர் சிமென்ட் வீட்டில் இருக்கிறார்கள் என்று சேர்த்துவிடுங்கள்.