தரைக்கு அடியில் 4 இஞ்ச் டிரெயின் பைப் உடைசல்: முழுசும் உடைக்கணுமா?

கேள்வி
தரைத்தள வீடு. பாத்ரூம் நானி ட்ராப்பிலிருந்து (தரைத் தண்ணி இறங்குற துவாரம்) வெளி சேம்பர் வரை 12 அடி, 4 இஞ்ச் பிவிசி. ஹால் ஓரம் டைல்ஸ் இடுக்கில் ஈரம் கசிகிறது, நாற்றமும் இருக்கு. மேஸ்திரி மொத்தத் தரையையும் உடைக்கணும்கிறார். வேற வழி இருக்கா?

பதில் 1
நாற்றம் இருந்தால் பெரும்பாலும் டிரெயின்தான். ஆனாலும் உடைக்கிறதுக்கு முன்னாடி இடத்தைக் கண்டுபிடிங்க. பலூன் பிளக்கை (காற்றடிச்சா உப்பி பைப்பை அடைக்கிற ரப்பர் அடைப்பான்) சேம்பர் பக்கமிருந்து உள்ளே விட்டு காற்றடிங்க. ட்ராப் வழியா தண்ணி நிரப்பி, மட்டத்தைக் குறிச்சு அரைமணி நேரம் பாருங்க. இறங்கினா, பிளக்கை இன்னும் 2 அடி உள்ளே தள்ளி மறுபடி நிரப்புங்க. எந்த இடத்தில் மட்டம் நிற்குதோ, அதுக்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் உடைசல். அந்த 2, 3 அடி மட்டும் உடைச்சாப் போதும்.

பதில் 2
உடைக்கும்போது கட்டிங் மெஷினால் ஒன்றரை இஞ்ச் ஆழத்துக்குக் கோடு போட்டுட்டு உடைங்க, பக்கத்து டைல்ஸ் தப்பிக்கும். அகலம் 18 இஞ்ச். பைப்புக்கு அடியிலும் 4 இஞ்ச் மண் எடுத்தால்தான் கை நுழையும். விரிசலுக்கு இரண்டு பக்கமும் 6 இஞ்ச் தள்ளி நேராக அறுங்க. டைப் பி பைப் வாங்குங்க. டைப் ஏ மழைநீருக்கும் வென்ட்டுக்கும் (காற்றுப் போக்கிக் குழாய்) தான். புதுத் துண்டின் இரு முனைக்கும் ரப்பர் ரிங் வச்ச ரிப்பேர் கப்ளர் (இரண்டு பைப்பை இணைக்கிற துண்டு, நடுவில் வரம்பு இருக்காது) போடுங்க. கிடைக்கலைன்னா ரிங் வச்ச சாதா கப்ளரின் நடு வரம்பை அரத்தால் ராவிட்டு முழுசா ஒரு பக்கம் தள்ளி, பைப்பை வச்சு, திருப்பி இழுக்கணும். எவ்வளவு இழுக்கணும்னு பைப்பில் முன்னாடியே கோடு போட்டுக்கங்க. ரிங்குக்கு சோப்புத் தண்ணி போதும். கிரீஸ் தடவினா ரப்பர் ஊதிடும்.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். சால்வென்ட் சிமென்ட் போட்டு ஒட்டக் கூடாதா?

பதில் 2
பைப் காய்ந்திருந்தால் போடலாம். பள்ளத்தில் ஈரம் ஊறிக்கிட்டே இருக்கும், பிடிக்காது.

பதில் 3
ஏன் உடைஞ்சதுன்னும் பாருங்க. பைப்புக்கு அடியில் செங்கல் துண்டு முட்டுக் கொடுத்திருப்பாங்க. மண் இறங்கினதும் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். கல்லை எடுத்துட்டு 4 இஞ்ச் எம் சாண்ட் பரப்பி, ரசமட்டம் வச்சு வாட்டம் பாருங்க. 10 அடிக்கு 2 முதல் 3 இஞ்ச். மூடுறதுக்கு முன்னாடி அதே தண்ணி டெஸ்ட் மறுபடியும். பைப் மேல 6 இஞ்ச் மணல், பாலித்தீன் ஷீட், அதுக்கு மேல 1:2:4 காங்கிரீட் (சிமென்ட், மணல், ஜல்லி). காங்கிரீட் பைப்பைத் தொட விடாதீங்க, தரை அசைஞ்சா பைப்பையும் இழுக்கும்.