கணக்கு டெஸ்ட்டா, வாசிப்பு டெஸ்ட்டா?

கணக்கு டீச்சர்:
எட்டாம் வகுப்புக்கு டெஸ்ட் வச்சேன், எல்லாமே நாலஞ்சு வரி கணக்கு. ஒரு பொண்ணு ஆறு கேள்விய தொடவே இல்ல, கூப்பிட்டு நானே வாசிச்சுக் காட்டுனா அஞ்ச டக்குனு போட்டுட்டா. இந்த மார்க்க வச்சுத்தான் செக்‌ஷன் பிரிக்கணுமாம், மனசு ஒப்பல. ஆனா டெஸ்ட்டோட நம்பகத்தன்மைய அளக்கற க்ரான்பாக் ஆல்ஃபா 0.86 வந்துருக்கு (ஒண்ண நெருங்குனா நல்லதாம்), அப்ப டெஸ்ட் சரிதானே?

புள்ளிவிவரப் பூச்சி:
இல்ல மேடம். ஆல்ஃபா நம்பகத்தன்மைய மட்டுந்தான் சொல்லும், கேள்விங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு. எல்லா கேள்வியும் சேந்து வாசிப்ப அளந்தாலும் ஆல்ஃபா ஜம்முனு வரும். நீங்க வாசிச்சுக் காட்டுனீங்களே, அந்தப் பொண்ண தடுத்தது கணக்கு இல்ல, வாசிப்புங்கறதுக்கு அதுதான் உருப்படியான ஆதாரம்.

பழைய வாத்தியார்:
வேலிடிட்டிங்கறது, அதாவது செல்லுபடித்தன்மை, டெஸ்ட்டுக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கற குணம் இல்ல, மார்க்குக்கு நாம குடுக்கற அர்த்தமும் அத வச்சு செய்யற காரியமும் சரியாங்கறதுதான், அதோட விளைவையும் பாக்கணும்னு அமெரிக்க தேர்வியல் அறிஞர் சாமுவேல் மெசிக் 1989லயே எழுதிட்டார். அமெரிக்காவுல 2014ல வந்த தேர்வு நெறிமுறையும் பெரிய முடிவ ஒரே மார்க்க வச்சு எடுக்காதீங்கன்னுதான் சொல்லுது. (நம்மாளுங்க கேட்டாத்தானே!)

கணக்கு டீச்சர்:
சரிங்க சார், அதே கணக்க சின்ன வாக்கியமா மாத்தி திரும்ப வைக்கறேன், செக்‌ஷன் லிஸ்ட் அதுவரை நிக்கட்டும்.