பொம்மை வீடு 1:12: மூடித் தட்டு பெரிதாகத் தெரிகிறது, பெயின்ட் உரிகிறது, என்ன செய்யலாம்?

குட்டிக்கூடம்:
1:12 அளவில் (நிஜத்தில் 12 செ.மீ. என்றால் இங்கே 1 செ.மீ.) ஒரு சாப்பாட்டு அறை. மேசை ஐஸ் குச்சியில், தட்டுகள் தண்ணீர் பாட்டில் மூடியில், அலமாரியின் கண்ணாடிக் கதவு மாத்திரை அட்டையின் தெளிவான பிளாஸ்டிக்கில். நாலு சிக்கல். தட்டு, தாம்பாளம் மாதிரி தெரிகிறது. மூடிமேல் அடித்த அக்ரிலிக் பெயின்ட் நகம் பட்டாலே தோலாக உரிகிறது. கதவில் சூப்பர் க்ளூ போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மேசைக்கு மரச்சாயம் பூசினால் மூட்டுகளில் மட்டும் ஏறவே இல்லை. எதை எப்படிச் சரிசெய்வது?

அளவுப்பட்டை:
எந்தச் சாமானை எடுத்தாலும் முதலில் 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். பார்க்க எதைப் போல இருக்கிறது என்பது அப்புறம். பாட்டில் மூடி சுமார் 3 செ.மீ. அகலம், பெருக்கினால் 36 செ.மீ. நிஜத் தட்டு 25 செ.மீ. சுற்று வரும். ஆக உங்களுக்கு வேண்டியது 2 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான கோட் பட்டன். 11 மி.மீ. சட்டைப் பட்டன், காப்பிக் கோப்பைக்கு அடியில் வைக்கும் சாஸர் ஆகிவிடும். பட்டன் துளையை வெள்ளைப் பசையும் முகப் பவுடரும் குழைத்து அடையுங்கள். காய்ந்தால் குழி விழும், மறுபடி ஒரு முறை நிரப்பித் தேய்க்க வேண்டும்.

மூடிகளைத் தூக்கிப் போடாதீர்கள். 36 செ.மீ. என்பது ஸ்டூல் இருக்கைக்குச் சரியான அளவு. மேலே மெல்லிய பஞ்சுத்தாள், அதன்மேல் துணி, ஓரத்தை உள்பக்கம் மடித்து ஒட்டினால் பெயின்ட் பிரச்சினையே இல்லை. அந்த மூடிகள் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். மெழுகு போன்ற பரப்பு என்பதால் பெயின்ட், பசை எதுவும் லேசில் பிடிக்காது. பெயின்ட்தான் வேண்டுமென்றால் சோப்பு போட்டுக் கழுவி, 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, பிளாஸ்டிக் ப்ரைமர் (பெயின்ட் பிடிக்க அடியில் அடிக்கும் பூச்சு) அடித்து, பிறகு மெல்லிசாக இரண்டு கோட். அப்போதும் மூடியை அழுத்தினால் பெயின்ட் விரிசல் விடும். துணி சுற்றுவதே மேல்.

உயரத்தையும் கவனியுங்கள். இருக்கை 3.75 செ.மீ., மேசை 6.25 செ.மீ. நடுவே அந்த 2.5 செ.மீ. இருந்தால்தான் பொம்மையின் முழங்கால் உள்ளே போகும்.

பசைக்காரர்:
அந்த வெள்ளைப் பூப்பு சூப்பர் க்ளூவின் ஆவி படிந்தது. நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்தால் பிளாஸ்டிக்கே மங்கிவிடும்; வேறு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். தெளிவான பிளாஸ்டிக்குக்கு வெள்ளைப் பசைதான், பல்குத்தும் குச்சி நுனியால் மெல்லிசாக. காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று: மெத்தை, தலையணைப் பஞ்சில் சூப்பர் க்ளூ சிந்தவே கூடாது. பருத்தியோடு சேர்ந்தால் கை சுடும் அளவுக்குச் சூடேறிப் புகையும்.

சாயம் ஏறாததற்குக் காரணம், பசை மரத்தின் துளைகளை அடைத்துவிட்டது. குச்சிகளை வெட்டித் தேய்த்ததும் சாயம் பூசிக் காயவைத்து, அதன் பிறகே ஒட்டுங்கள். ஒட்டி முடித்த மேசைக்கு இனி பெயின்ட்தான் வழி.

புது மேசைக்குக் கணக்கு: குச்சியின் இரண்டு உருண்டை நுனியையும் எடுத்தால் 10 செ.மீ. மிஞ்சும். கத்தரியால் வெட்டினால் நீளவாக்கில் பிளந்துவிடும். கட்டரால் இரு பக்கமும் மூன்று நான்கு முறை கீறி ஒடியுங்கள். எட்டுக் குச்சி பக்கத்தில் பக்கமாக வைத்தால் 10 × 8 செ.மீ., நாலு பேர் மேசை. அடியில் குறுக்காக இரண்டு துண்டு ஒட்டி, பிளாஸ்டிக் தாள் விரித்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். இல்லாவிட்டால் பசையின் ஈரத்தில் பலகை வளையும். காலுக்கு ஒற்றைக் குச்சி போதாது, 2 மி.மீ. கனம் என்பது நிஜத்தில் 2.4 செ.மீ. தான், பக்கவாட்டில் தகடு மாதிரி தெரியும். மூன்றை அடுக்கி ஒட்டி, 6 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள்.

குட்டிக்கூடம்:
நன்றி, இன்றே பிரித்து ஆரம்பிக்கிறேன். நாற்காலி முதுகுக்குக் குச்சியை வளைக்க முடியுமா? ஊறவைத்து வளைத்தால் படக்கென்று ஒடிகிறது.

பசைக்காரர்:
பச்சைத்தண்ணீரில் ஊறினால் போதாது, அரை மணி நேரம் கொதிக்கவேண்டும். நார் நேராக ஓடும் குச்சியாகப் பொறுக்குங்கள். சாய்வாக ஓடுவதுதான் ஒடியும். சூட்டோடு இடுக்கியால் எடுத்து, மெதுவாக வளைத்து டம்ளருக்குள் சொருகி மறுநாள் வரை விடுங்கள். வெளியே எடுத்ததும் கொஞ்சம் நிமிரும். அதனால் வேண்டிய வளைவைவிடக் குறுகலான டம்ளராக இருக்கட்டும்.