காற்றடைத்த கூடாரத்தில் உள்தடுப்பு நிற்கவில்லை: வழி சொல்லுங்கள்

கேள்வி (பாம்பன்)
கடலில் பாசி எடுக்கும் பெண்களுக்கான மருத்துவ முகாமுக்காக, 100 சதுர மீட்டர் பரப்புள்ள காற்றடைத்த கூடாரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து மணலில் நிறுத்தியிருக்கிறோம். புளோயர் இடைவிடாமல் ஓட, உள்ளிருக்கும் காற்றே கூரையைத் தாங்கும் வகை அது. முன்பாதி காத்திருக்கும் இடமாகவும் பின்பாதி பரிசோதனை அறையாகவும் அமையட்டும் என்று நடுவில் பிவிசி துணியால் தடுப்புக் கட்டினோம். கூரை விறைப்பாக நிற்கிறது. தடுப்போ தொளதொளவென்று தொங்குவதோடு, வாசலைத் திறக்கும்போதெல்லாம் வாசல் பக்கமாகப் புடைத்து, அடியில் முழங்கால் உயரத்துக்கு விலகிவிடுகிறது. புளோயரின் வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில் (தொண்டி, கூடாரத் தொழில்)
ஆகாது ஐயா. வெளியைவிட உள்ளே அழுத்தம் கூடுதலாக இருப்பதால்தான் கூரை விறைக்கிறது. தடுப்புக்கு இருபுறமும் ஒரே அழுத்தம் என்பதால் அதை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. வாசல் திறந்ததும் முன்பாதியில் அழுத்தம் குறைய, பின்பாதிக் காற்று துணியைத் தள்ளுகிறது.

வேகத்தைக் கூட்டி உள்ளழுத்தத்தை 250 பாஸ்கலுக்கு (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) கொண்டுபோனால், 2 சதுர மீட்டர் கதவின்மேல் ஏறத்தாழ 50 கிலோ எடைக்கு நிகரான விசை விழும். பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்ணால் அதைத் தள்ளவோ இழுக்கவோ இயலாது. அதே அழுத்தம் கூடாரத்தை ஏறத்தாழ 2.5 டன் எடைக்கு நிகரான விசையோடு மேல்நோக்கித் தூக்கவும் செய்யும். உலர்ந்த மணலில் அடித்த முளை அதற்குத் தாங்காது. பலகையில் கயிறு கட்டி ஆழப் புதைத்து, மேலே மணல்மூட்டை அடுக்குங்கள். ஆனால் கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) நொடிக்கு 20 மீட்டரை எட்டினால் அது வெளியிலிருந்து துணியை அமுக்கும் அழுத்தமும் ஏறத்தாழ அதே அளவுதான் என்பதால், காற்று வலுக்கும் நாளில் அழுத்தத்தைக் குறைக்கவும் முடியாது. அப்படிப்பட்ட நாளில் ஆட்களை வெளியேற்றிவிட்டுக் கூடாரத்தை இறக்கிவிடுவதே நல்லது.

என் கருத்தில், தனியறையைக் கூடாரத்துக்குள் தேடவே கூடாது. காற்றுக் குழாய்களே வளைவுகளாக நிற்கும் சிறு கூடாரம் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஜப்பானின் ஒசாகாவில் 1970-இல் நடந்த உலகக் கண்காட்சியின் ஃபுஜி அரங்கு இந்த முறையில் நின்றதுதான்: தலா 4 மீட்டர் விட்டமுள்ள 16 குழாய்கள். சுமை குழாய்களில் இருப்பதால் அறைக்கு அழுத்தம் தேவையில்லை. வாசலுக்குச் சாதாரணத் திரையே போதும்.

பதில் (கீழக்கரை, செவிலியர்)
துணி வெளிர்நிறமானால், மாலையில் விளக்கேற்றியதும் உள்ளே இருப்பவரின் நிழல் வெளியே அப்படியே விழும். கறுப்பு உள்ளடுக்குள்ள துணியாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், விளக்குக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் நோயாளி வராதபடி கட்டிலைப் போடுங்கள். பேச்சும் துணியைத் தாண்டிக் கேட்கும். புளோயரை இரு கூடாரங்களுக்கும் இடையில் வைத்தால் அதன் இரைச்சலே பேச்சை மறைக்கும்; ஸ்டெதாஸ்கோப் வைக்கும் மருத்துவர் மட்டும் முணுமுணுப்பார்.

கேள்வி கேட்டவர்
குழாய்க் கூடாரம் கிடைக்கிறது. அதன் வாசலை எந்தப் பக்கம் வைப்பது?

பதில் (தொண்டி)
ஆடி மாதமென்றால் தென்மேற்குக்கு முதுகு காட்டி, வடகிழக்கில் வையுங்கள். காத்திருப்போர் வரிசை அந்தப் பக்கமே அமைந்தால், வாசலுக்கு முன் ஒரு மறைப்புத் திரையை நிறுத்தி, உள்ளே போகிறவர் ஒருமுறை திரும்பித்தான் நுழைய வேண்டும் என்று அமைத்துவிடுங்கள்.