மறு: பிரெப்பர், ஹோம்ஸ்டெடர் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> இரண்டு பேருமே ஊரை விட்டு ஒதுங்கித் தம்மைத் தாமே பார்த்துக்கொள்கிறவர்கள்தானே,
> 'தற்சார்பாளர்' என்று ஒரே சொல் போதாதா?

கெட்ட நாளுக்குப் பொருள் சேர்த்துவைத்துத் தயாராக இருக்கும் பிரெப்பருக்கும், சொந்த மண்ணில் விளைவித்து வாழும் ஹோம்ஸ்டெடருக்கும் அந்த ஒரே சொல் போதாது என்று நினைக்கிறேன். ஓர் இடம் இவர்களுக்கு எவ்வளவு ஏற்றது என்று பார்க்கும் கட்டுரை ஒன்றை இப்போது மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், அதை வைத்தே காரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தெற்கு எல்லையில் கோஸ்டியா என்று ஒரு கவுண்டி, நம் மாவட்டம் போல. 2020 கணக்கெடுப்பில் மொத்தமே சுமார் 3,500 பேர், பரப்போ 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 1970களில் அங்கே சமவெளியின் பெரும்பகுதியை 5 ஏக்கர் மனைகளாகக் கூறுபோட்டு நாடெங்கும் விற்றார்கள். அதனால் இன்றும் நிலம் மலிவு, மேடான இடம் என்பதால் வெயிலும் நல்ல வெயில், சோலார் தகடு வைத்தால் மின்வாரியத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

பிரெப்பருக்கு இது பிடித்துப்போகும். போர், கொள்ளைநோய், மின்தடை என்று ஏதோ ஒரு கெட்ட நாள் வரப்போகிறது, அதைத் தாண்டுவதற்கு உணவும் தண்ணீரும் மருந்தும் எரிபொருளும் சேர்த்து வைத்துக்கொண்டு கூட்டத்திலிருந்து தள்ளி இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. ஹோம்ஸ்டெடரின் கணக்கு வேறு. அவருக்கு அந்த ஒரு நாளைப் பற்றிக் கவலையில்லை, ஒவ்வொரு நாளும் தன் மண்ணில் விளைந்ததைச் சாப்பிடவேண்டும், கோழி ஆடு வளர்க்கவேண்டும், அவ்வளவுதான்.

அவருக்கு கோஸ்டியா எப்படி? ஊர் இருப்பது கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்தில், உறைபனி இல்லாத நாட்கள் ஆண்டில் மூன்று மாதம் சொச்சம், பள்ளத்தாக்கின் தரையில் மழை ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான். சரி, கிணறு வெட்டிக்கொள்ளலாமே என்றால் கொலராடோ சட்டத்தில் தண்ணீர் நிலத்தோடு வருவதில்லை, முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை. 5 ஏக்கர் மனைக்குப் பொதுவாகக் கிடைக்கும் கிணற்று அனுமதி வீட்டுக்குள் புழங்க மட்டும், அந்தத் தண்ணீரில் ஒரு தக்காளிச் செடிக்குக்கூட ஊற்றக்கூடாது. 35 ஏக்கரோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஒரு ஏக்கர் வரை பாய்ச்சவும் ஆடுமாடுக்குக் காட்டவும் வழியுண்டு. கூரையில் விழும் மழைநீரைப் பிடித்துவைக்கக்கூட 2016இல்தான் பரவலாக அனுமதி வந்தது, அதுவும் இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன், நம் கணக்கில் 416 லிட்டர். பலர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பிக்கொள்கிறார்கள். ஆக ஒருவருக்கு நல்லதாகப்படுகிற இடம் இன்னொருவருக்கு முதல் கோடையிலேயே கைவிட்டுப்போகிற இடம். இரண்டையும் 'தற்சார்பாளர்' என்று எழுதினால் இந்தக் கட்டுரையின் பாதி வாக்கியங்கள் தம்மைத்தாமே மறுத்துக்கொள்ளும்.

அப்புறம் சொற்களுக்கு வருகிறேன்.

பிரெப்பருக்கு 'வருமுன் காப்போர்' என்று ஒரு அக்கா பரிந்துரைத்திருந்தார். அழகான சொல்தான், ஆனால் தமிழ்நாட்டில் 1999 முதல் 'வருமுன் காப்போம்' அரசு மருத்துவ முகாமின் பெயராகவே காதில் ஒட்டிவிட்டது. என் முன்மொழிவு 'சேமக்குடி'. சேமத்தில் பாதுகாப்பும் இருக்கிறது, சேமிப்பும் இருக்கிறது, பிரெப்பர் செய்வது இரண்டையும்தான். புழக்கமும் புதிதில்லை, இங்கே சேமநல நிதி, இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி. வடசொல் வேண்டாம், 'ஏமக்குடி' என்போம் என்று எழுதிய ஐயாவை மதிக்கிறேன், ஏமம் நல்ல பழஞ்சொல். ஆனால் இன்று அதைக் கேட்பவருக்கு ஏமாளியும் ஏமாற்றமும்தான் நினைவுக்கு வரும்.

ஹோம்ஸ்டெடர்தான் என்னை ஒரு வாரம் தூங்கவிடாத சொல். 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் பெற்று ஐந்தாண்டு குடியிருந்து உழுதவர்தான் மூலப்பொருள், அவருக்குக் 'குடியேறி' பொருந்தலாம். இன்றைய ஆளுக்குப் பொருந்தாது, பக்கத்து ஊர்க்காரர்கூட ஹோம்ஸ்டெடர் ஆகலாம். 'மனைக்குடி' என்றால் ரியல் எஸ்டேட் விளம்பரம். 'தோட்டக்குடி' எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் இலங்கை மலையகத்து நண்பர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தோட்டம் என்பது கம்பெனி நிலத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாழ்க்கை. 'பண்ணைக்குடி' என்றால் தஞ்சைப் பக்கம் பண்ணையாள் நினைவு. சொந்த மண்ணில் சொந்தக் கையால் வாழ்கிறவரைக் குறிக்க, அடுத்தவர் மண்ணில் உழைத்துத் தேய்ந்தவர்களின் சொல்லை எடுப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

கொங்குப் பக்கம் ஊருக்குள் வீடு இல்லாமல் தோட்டத்திலேயே கட்டிக் குடியிருக்கும் வீட்டைச் சாளை என்பார்கள். வீடு, கிணறு, மாட்டுக்கொட்டில், களம் எல்லாம் ஒரே இடத்தில். ஹோம்ஸ்டெட் என்றால் சாளை, அங்கே வாழ்கிறவர் சாளைக்குடி. கடற்கரைக்காரர்களுக்குச் சாளை ஒரு மீன், தெரியும். வாக்கியத்தில் வரும்போது அந்தக் குழப்பம் நீங்கிவிடும், பண்ணையும் தோட்டமும் தரும் உறுத்தல் அப்படி நீங்காது.

கடைசியாக, 'தகுதி மதிப்பீடு' என்று கட்டுரைத் தலைப்பில் இருப்பதையும் மாற்றவேண்டும். தகுதி நிலத்துக்கு மட்டும் உரியது. பொருத்தம் என்றால் இரண்டு பக்கம் வேண்டும், நாம் ஜாதகம் பார்ப்பதுபோல. 'குடிப்பொருத்தம்' என்று வைத்தால் யாருக்கு என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். இன்னொன்றும் கிடைக்கிறது. கோஸ்டியாவின் தலைமை ஊரான சான் லூயிஸ் 1851இல் உண்டானது, அங்குள்ள 'மக்கள் வாய்க்கால்' என்ற பாசன வாய்க்காலுக்கு 1852ஆம் ஆண்டின் நீருரிமை, கொலராடோவில் தொடர்ந்து புழக்கத்திலிருக்கும் மிகப் பழைய உரிமை அது. அசேக்கியா என்கிற அந்த வாய்க்கால்களை இளவேனிலில் பாசனக்காரர்கள் கூடித் தூர்வாருகிறார்கள், முறைவைத்து நீர் விடுபவரை மயோர்டோமோ என்கிறார்கள், நம் ஏரிப்பாசனத்து நீர்க்கட்டியேதான் (அதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம்). அந்த வாய்க்காலில் பங்குள்ள நிலம் கிடைத்தால் அதே கவுண்டி சாளைக்குடிக்கும் ஒத்துவரும். ஆனால் அப்போது தூர்வார மண்வெட்டியோடு போகவேண்டும், ஊரோடு கலந்து இருக்கவேண்டும்; ஒதுங்கியிருக்க வந்த சேமக்குடிக்கு அது ஒத்துவராது.

என் மொழிபெயர்ப்பில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "கோஸ்டியாவின் மேட்டுச் சமவெளி மனைகள் சேமக்குடிக்குப் பொருந்தும், சாளைக்குடிக்கு வாய்க்கால் பங்கு இல்லாமல் பொருந்தாது." வாசித்தவுடன் பிடிபடுகிறதா, குறிப்பாகக் கொங்குக்கு வெளியே இருப்பவர்களுக்கு? வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பவேண்டும், அதற்குள் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.