மறு: விழுகுழலா, செருகுகுழலா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கிளிநொச்சியில் இருந்துகொண்டு துவக்கைப் பற்றி மடல் எழுதினால், பின்னால் நின்று பார்க்கிற அம்மாவுக்கு நெஞ்சிடிக்கும். ஆகவே முதலே சொல்லிவிடுகிறேன்: பொருள் இங்கே இல்லை. டெக்சாசில் மச்சான் வீட்டில் இருக்கிறது. பழைய 1911 ரகக் கைத்துப்பாக்கி; ஞாயிற்றுக்கிழமைகளில் குறிபார்த்துச் சுடப் போகிறவர். 'குழலை மாத்தட்டோ, விடட்டோ?' என்று லேத் வைத்திருக்கிற என்னைக் கேட்டார். அங்கே இருவகைக் குழல் விற்கிறது: வாங்கியபடியே போடுவது ஒன்று, அராவிப் பொருத்துவது மற்றது. அந்த இரண்டுக்கும் பெயர் தேடித்தான் போன கிழமை இந்த இழையைத் தொடங்கினேன்.

> வாங்கியதும் அப்படியே போடக்கூடியதை 'விழுகுழல்' எனலாம்.

ஐயா குறைநினைக்கக்கூடாது. விழுகிற குழலை ஆரும் காசு குடுத்து வாங்கமாட்டினம்.

> 'பரல்' (barrel) என்றே விட்டால் என்ன?

இங்கே பரல் என்றால் மண்ணெண்ணெய்ப் பரல், தார்ப் பரல். சிலம்புக்குள் கிடப்பதும் பரல்தான். இன்னொன்று வேண்டாம்.

சொல்லுக்கு முன் வேலையைப் பார்ப்போம். மண்வெட்டிக்குப் பிடி போடுவது எல்லோருக்கும் தெரியும். கடைப்பிடி எந்த மண்வெட்டிக்கும் போகவேண்டும் என்று ஒரு நூல் மெலிவாகவே சீவியிருப்பார்கள். போட்டவுடன் வேலை செய்யும். நாலாம் நாள் ஆடும். அப்புச்சி விண்ணாங்குத் தடி வெட்டி, துளையைவிடக் கொஞ்சம் பருமனாக விட்டு, சீவிச் சீவி, போட்டுப் பார்த்து, திரும்பக் கழற்றி, மினுக்கம் விழுந்த இடத்தை மட்டும் எடுப்பார். அது அந்த ஒரு மண்வெட்டிக்குத்தான் பிடி.

குழலிலும் இதுதான் சங்கதி. 1911இல் சுட்டவுடன் குழலின் பின்தலை கீழிறங்கி, திரும்ப மேலெழுந்து பூட்டிக்கொள்ளும். குறிகாட்டிகள் இரண்டும் குழலுக்கு மேலே முன்னும் பின்னும் ஓடுகிற உறையில், அதாவது ஸ்லைட்டில், இருக்கின்றன. ஆகவே குழல் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்தால்தான் சன்னமும் அதே இடத்துக்குப் போகும். ஒருவகைக் குழல் எல்லாத் துப்பாக்கிக்கும் போகிற அளவு. மற்றதன் பூட்டு மேடுகளிலும் பின்தலையிலும் வேண்டுமென்றே மிச்ச இரும்பு விட்டிருக்கும். தெரிந்த கை அரம் பிடித்து அராவி இருத்தவேண்டும். கூட அராவினால் காசு போனதுதான். ரவை உட்காரும் ஆழம் பிழைத்தால் காசோடு நிற்காது.

எனவே என் முன்மொழிவு அதேதான்: வாங்கியபடி போடுவது செருகுகுழல், அராவி இருத்துவது அராவுகுழல்.

> அராவுகுழல் என்றால் குழல் எதையோ அராவுகிறது போலல்லவா இருக்கிறது?

மாங்குளத்துத் தங்கச்சி கேட்டது நியாயம். ஆனால் அடுப்படியில் கிடக்கிற ஊதுகுழல் தானாக ஊதுவதில்லையே. வினைத்தொகை அந்த நெகிழ்வைத் தரும். எறிகணையையும் அப்படித்தான் நாங்கள் படிக்காமலே பழகினோம். 'செருகு' பொருந்துமா என்றும் கேட்டிருந்தீர்கள்: 1911 குழல் ஸ்லைட்டின் முன்வாயால்தான் உள்ளே போகிறது. பொருந்தும்.

சன்னம் சுழன்று போகக் குழலுக்குள் வெட்டியிருக்கிற உட்சுழிக்குப் 'புரி' போதும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கோல்ட் (Colt) கம்பனியின் 1911 குழலில் ஆறு காடி, 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதுவும் இடம்புரி. குழலோ 5 அங்குலம். சன்னம் மூன்றிலொரு சுற்றுக்கூட முடிக்காமல் வெளியே போய்விடும். சங்குக்கு இருந்த சொல் இதற்கும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

மச்சானுக்கு என்ன சொன்னேன் என்று இருவர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள். குழலுக்குள் படிந்த ஈயத்தை முதலில் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் புரியின் விளிம்பு கூராக இருக்கிறதா பார்க்கச் சொன்னேன். படம் அனுப்பினார், விளிம்பு நன்றாகவே இருந்தது. ஆட்டம் முழுவதும் முன்வாயில், குழலைப் பிடிக்கிற புஷ்ஷில். தண்ணிப் பம்பில் புஷ் தேய்ந்தால் சாப்டையா மாற்றுகிறோம்? புஷ்ஷை மட்டும் மாற்றி, அதையும் அளவுக்கு அராவிப் போடச் சொன்னேன். செருகுகுழல் வாங்கியிருந்தால் ஆட்டத்துக்கு மேல் ஆட்டம். பிறகு எப்போதாவது அராவுகுழல் போட்டாலும், பழைய குழலை எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கட்டும். பழம்பொருள் சேர்ப்பவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஸ்லைட்டுக்கு ஒருவர் 'வழுக்கி' என்று எழுதியிருக்கிறார். மாரியில் வயல் வரம்பால் நடந்தவர் அப்படி எழுதமாட்டார். இப்போதைக்கு ஸ்லைட் என்றே இருக்கட்டும்.