கட்டான் டைஸ்: ஒருவரும் 30 புள்ளி தாண்டவில்லை, எங்கே தப்பு?

ஆயர்_ஈத்தாம்_அக்கா:
வணக்கம். வேலையிடத்தில் ஒருவர் வீடு மாறும்போது கட்டான் டைஸ் பெட்டியை 15 வெள்ளிக்கு என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். பலகை பரப்பி ஆடும் பெரிய கட்டான் இல்லை. டைஸை உருட்டி, தாளில் சாலை, குடியிருப்பு, நகரம் என்று பென்சிலால் நிரப்பிக்கொண்டு போகிற சின்னது. விதித்தாள் மழையில் நனைந்து ஒரே கட்டியாக ஒட்டிக்கிடக்கிறது, பிரித்தால் கிழிகிறது. அவர் வாயால் சொன்னதை வைத்துத்தான் ஆடுகிறோம்.

சாலைக்குச் செங்கல் ஒன்று, மரம் ஒன்று. குடியிருப்புக்குச் செங்கல், மரம், ஆடு, கோதுமை. நகரத்துக்கு மூன்று தாது, இரண்டு கோதுமை. வீரனுக்குத் தாது, ஆடு, கோதுமை. இரண்டு தங்கம் கொடுத்தால் வேண்டியது ஒன்று கிடைக்கும். மூன்று முறை உருட்டலாம், பிடித்ததை ஒதுக்கி வைக்கலாம். ஒன்றும் கட்டாத சுற்றுக்கு 2 புள்ளி கழியும். ஆளுக்கு 15 சுற்று.

பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து எட்டு ஆட்டம் ஆகிவிட்டது. மகன் ஒரு தடவை 28 எடுத்ததுதான் எங்கள் வீட்டுச் சாதனை. நகரம் ஒன்றுகூட எழும்பவில்லை. சின்னவள் ஐந்து டைஸையும் உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதிப் போடுகிறாள், தாது மூன்று வந்தால் கோதுமை வராது. அம்மா சொல்வது: "பேரே கட்டான்னு வெச்சிருக்கான், அப்புறம் எங்க கட்டுறது?" நாங்கள் ஆடுவதில் என்ன கோளாறு?

பட்டர்வொர்த்_தம்பி:
அக்கா, 7 விழும்போது திருடனை நகர்த்துகிறீர்களா? அதை விட்டிருந்தால் கணக்கு இடிக்கும்.

செந்தூல்_மச்சான்:
தம்பி, அது 1995இல் வந்த பெரிய கட்டான். அதில் இரண்டு சாதா டைஸ், கூட்டினால் 7 வரும். அக்கா சொல்வது கட்டானை உருவாக்கிய கிளாவுஸ் டாய்பர் 2007இல் கொண்டுவந்த சின்னது. இதில் டைஸ் மேல் எண்ணே கிடையாது, ஆறு பக்கத்திலும் படம்தான். திருடனும் இல்லை, ஆட்களுக்குள் பண்டமாற்றும் இல்லை.

அக்கா, விலைப்பட்டியல் எல்லாம் சரி. வரிசையாகக் கட்டுகிறீர்களா? குடியிருப்பு 3, 4, 5, 7, 9, 11 புள்ளி என்று சின்னதிலிருந்துதான் போகவேண்டும், சாலை அதுவரை வந்திருக்கவேண்டும். நகரம் 7, 12, 20, 30. வீரன் 1இலிருந்து 6 வரை, அவனுக்கு மட்டும் சாலை வேண்டாம்.

ஆயர்_ஈத்தாம்_அக்கா:
வரிசைதான் அண்ணே. வீரனை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். திருடனே இல்லாத ஊரில் வீரன் எதற்கு என்று மகன் கேட்கிறான், எனக்கும் பதில் தெரியவில்லை.

செந்தூல்_மச்சான்:
அட, அங்கேதான் பாதி ஆட்டமே இருக்கிறது. ஒவ்வொரு வீரனுக்குக் கீழேயும் ஒரு பொருளின் படம் இருக்கும், பாருங்கள். வீரனைக் கட்டியபின் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை, ஒரு டைஸை அந்தப் பொருளாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதும் படத்தை அடித்துவிடவேண்டும். ஆறாவது வீரனிடம் எந்தப் பொருளும் வாங்கலாம். மூன்று தாதுவும் ஒரு கோதுமையும் வந்து நகரம் கைநழுவும்போது ஆள் உதவுவான்.

கணக்கு_டீச்சர்:
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கள். சின்னவள் "ஐந்து டைஸையும்" ஊதுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டியில் எத்தனை டைஸ்?

ஆயர்_ஈத்தாம்_அக்கா:
ஐந்துதான் டீச்சர். அப்படித்தான் வந்தது.

கணக்கு_டீச்சர்:
ஆறு இருக்கவேண்டும்!

ஒரு டைஸ்தானே என்று நினைக்காதீர்கள். முதல் உருட்டலிலேயே செங்கலும் மரமும் சேர்ந்து வருவதற்கு, ஆறு டைஸ் என்றால் சுமார் 42 விழுக்காடு வாய்ப்பு, ஐந்து என்றால் 33. குடியிருப்புக்கு வேண்டிய நான்கும் ஒரே வீச்சில் வருவது 12.6இலிருந்து 6.2க்கு, அதாவது பாதிக்கு, இறங்கிவிடுகிறது. இது தங்கத்தைச் சேர்க்காமல் போட்ட கணக்கு.

நகரம்தான் பரிதாபம். அதற்கு ஐந்து பொருள், உங்களிடம் இருப்பது ஐந்து டைஸ், ஒன்றுகூட வீணாகக் கூடாது. ஒரு பொருளுக்கு இரண்டு தங்கம் என்பதால் தங்கம் வந்த கணமே நகரம் போய்விட்டது. ஆறு டைஸில் இரண்டு தங்கமும் மற்ற நான்கும் இருந்தால் கட்டிவிடலாம். ஒரே சுற்றில் குடியிருப்பும் சாலையும், இல்லையென்றால் இரண்டு வீரர்கள் என்பதும் ஆறு பொருள் கேட்கிற வேலை. உங்களுக்கு அந்தக் கதவே திறக்கவில்லை.

ஆயர்_ஈத்தாம்_அக்கா:
ஐயோ. எட்டு ஆட்டம்! பிள்ளைகளைப் பொறுமை இல்லை என்று வேறு திட்டினேன்.

பட்டர்வொர்த்_தம்பி:
இன்னொரு செட் வாங்காதீங்க அக்கா. சாதா டைஸ் ஒன்று எடுத்து, 1 தங்கம், 2 தாது என்று பென்சிலால் அட்டையில் எழுதி வையுங்கள். ஆறு பக்கம், ஆறு படம், வாய்ப்பு எல்லாம் ஒன்றுதான். டைஸ்மேல் காகிதம் ஒட்டாதீர்கள், ஒருபக்கம் சாயும்.

செந்தூல்_மச்சான்:
திருடன் தம்பி நல்ல யோசனை சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் 50க்குக் கீழே போனால் பிள்ளைகள் கேலி செய்வார்கள், அங்கே என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

ஆயர்_ஈத்தாம்_அக்கா:
நேற்று இரவு ஆடினோம். பாம்பு ஏணிப் பெட்டியிலிருந்து டைஸ் எடுத்துக்கொண்டோம். மகன் 51, நான் 44, சின்னவள் 39. இரண்டு தாது, இரண்டு கோதுமையோடு நின்று, தாது வீரனைக் கூப்பிட்டு முதல் நகரத்தை அவளேதான் கட்டினாள். தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியாயிற்று.

அம்மாதான் 17. தம்பி சொன்னபடி 1ஐத் தங்கமாக வைத்தது என் தப்பு. அந்த டைஸில் 1 விழுந்தால் அம்மா "தாயம்!" என்று கத்தி அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். ஒற்றைத் தங்கத்துக்கு ஒன்றும் கிடைக்காது என்றால், தாயத்தை யாராவது திருப்பிப் போடுவார்களா என்று கேட்கிறார். இன்றைக்கு 1ஐச் செங்கலாக மாற்றிப் பார்க்கப் போகிறேன்.